பதினோராம் மாடி

இருபத்தெட்டு ஆண்டுகளாக
மின்தூக்கி பழுது பார்த்தே பிழைப்பவனிடம்
பலதுறை மருந்தக டாக்டர் சொன்னாள்,
"படியில் ஏறுங்கள்."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
திரையை என் பக்கம் திருப்பினாள்:
ஏழு புள்ளி மூன்று.
மூன்று மாதம் தின்றதெல்லாம்
ஒரு சின்ன எண்ணுக்குள்
சுருண்டு படுத்திருந்தது.

புத்தாண்டு மழையோடு பிறந்தது.
தொலைக்காட்சியில் மரினா விரிகுடா வெடித்துச் சிதற
குமுதினி கொட்டாவி விட்டாள்.
புக்கிட் பாத்தோக்கில்
தவளைகள் மட்டும் விழித்திருந்தன.
காலை ஆறரைக்குக் காலணி மாட்டிக் கீழே போனேன்.
மின்தூக்கியில்தான்.
இறங்குவது கணக்கில் வராது.

முதல் மாடி வரை வீரம்.
மூன்றில் முழங்கால் என்னை யாரென்று கேட்டது.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
மைலோ டின்னில் சாம்பல் தட்டியபடி
திரு சுவா.
மனைவிக்குத் தெரியாமல் புகைக்க
அவருக்கு வாய்த்த இடம்.
"இதுதான் கடைசி," என்றார் நான் கேட்காமலே.
என் சட்டைப் பையில்
தேக்காவில் வாங்கிய மைசூர்பாகு
காகிதத்துக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.
எடுத்து, பாதி பிட்டு, நீட்டினேன்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஆறு, ஏழு, எட்டு.
பத்தொன்பது வருடமாய் எனக்கு இவை
வெறும் பொத்தான்கள்.
இன்றுதான் கண்டேன்:
ஆறில் யாரோ மீன் பொரிக்கிறார்கள்,
ஏழில் படிவிளக்கு எரிவதில்லை,
எட்டில் ஒரு குழந்தை
கதவுக் கம்பிக்குப் பின்னால் நின்று
எனக்கு டாட்டா காட்டுகிறது,
நான் எங்கோ போகிறேன் என்று நம்பி.

ஆறாம் நாள் மின்தூக்கி நின்றது.
எங்கள் புளோக் வேறு கம்பெனிக்குச் சொந்தம்.
கதவில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன்,
தொடத்தான் உரிமையில்லை.
ஒன்பதில் மக்சிக் ருக்காயா
டயாலிசிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு
மூடிய கதவையே பார்த்திருந்தார்.
வேன் கீழே வந்துவிட்டது.
ரத்தம் பழுதுபார்ப்பவர் வரும்வரை காத்திருக்குமா?

கீழ்த்தளக் கல்யாணம் ஒன்றில் மிஞ்சிப்போன
சிவப்பு நாற்காலி கிடைத்தது.
ஒரு பக்கம் நான். மறு பக்கம் சுவா.
எட்டில் அவர் இருமினார்,
நாற்காலி இருமியது,
மக்சிக்கும் சேர்ந்து ஆடினார்.
ஏழின் இருட்டில் எனக்கு மூச்சு முட்டியது.
அப்போதுதான் உறைத்தது,
என் நெஞ்சு என் சொந்த விவகாரம் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தது.
ஆறில் ஒரு கதவு திறந்தது.
பெயர் தெரியாத பையன்,
காதில் செருகியதைக்கூடக் கழற்றாமல்
நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தான்.
அவன் வீட்டில் இன்றும் மீன்.

கீழே வேனில் ஏற்றும்போது
சுவா நெஞ்சைத் தடவியபடி சொன்னார்,
"ஜனவரி எனக்குச் சரிப்படவில்லை.
சீனப் புத்தாண்டிலிருந்து விட்டுவிடுகிறேன்."
"எனக்குச் சித்திரை இருக்கிறது," என்றேன்.
ஜன்னல் வழியே மக்சிக்,
"முஹர்ரமும் வரும், அவசரப்படாதீர்கள்!"
இந்த ஊரில் ஆண்டு
பலமுறை பிறந்துகொண்டே இருக்கிறது,
தோற்றவர்களுக்கு
இரக்கம் காட்டுவதற்காக என்று நினைக்கிறேன்.

இப்போது மின்தூக்கி ஓடுகிறது.
கேபிளின் முனகலைக் கேட்டால்
இன்னும் எட்டு மாதம் தாங்கும்.
ஏழின் விளக்குக்கு நகர மன்றத்துக்கு எழுதினேன்;
பதில் வந்தது, விளக்கு வரவில்லை.
சுவா புகைக்கிறார்தான்.
ஆனால் மைலோ டின்னை
ஒன்பதாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்.
ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஐந்து மாடி ஏற வேண்டும்.
ஒரு நாளுக்கு எட்டு போய்
இப்போது மூன்று.
போகிற வழியில்
மக்சிக் வீட்டுக் கதவையும் தட்டிவிடுகிறார்.

ஏப்ரலில் எனக்கு மறு பரிசோதனை.
எண் என்னவாகும் தெரியாது.
நேற்று பதினொன்றைத் தொட்டபோது
நிற்காமல் பேச முடிந்தது.
குமுதினி கதவைத் திறந்து கேட்டாள்,
"யாரோடு பேசிக்கொண்டு வருகிறீர்கள்?"
எட்டாம் மாடிக் குழந்தைக்கு
டாட்டா சொன்ன கை
இன்னும் காற்றில் இருந்தது.